களிமண் காக்கும் நொதிகள்

விடியற்காலையில் கதவைத் திறந்து, மண்தரை போட்ட மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்து பழகியவர்களுக்கு, கண்ணைக் கரித்து மூக்கை அரிக்கும் அந்தக் காரமான நெடியைப் பற்றி நான் வர்ணித்துச் சொல்ல வேண்டியதில்லை. அது அமோனியா வாயுவின் நெடி. ஆனால், பசுவின் உடலை விட்டு வெளியேறும் சமயத்தில் கோமியத்தில் அந்த வாயு அநேகமாக இருப்பதே இல்லை. அப்பொழுது அதில் கரைந்திருப்பது யூரியா என்னும் நெடியற்ற ஒரு பொருள்தான். உரக்கடையில் வெண்மணிகளாக மூட்டையில் கட்டி விற்கிறார்களே, அதே யூரியா. அதைத் தூய நீரில் கரைத்து, கிருமி எதுவும் புகாதபடி மூடி வைத்துவிட்டால், தானாகச் சிதைந்து பாதியாகக் குறைவதற்கே வருஷங்கள் பல ஆகும். தொழுவத்துத் தரையில் விழுந்தாலோ, கோழி கூவுவதற்குள் அதில் கணிசமான பகுதி அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துபோகிறது. வருஷக்கணக்கில் நடக்கவேண்டிய காரியத்தை ஓர் இரவுக்குள் முடித்துவைக்கும் சக்தி எது, அது அந்தத் தரையில் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து சென்ற விஞ்ஞானிகள், பல தலைமுறைகள் நடந்து வந்து சேர்ந்த இடம், நாம் காலில் மிதித்துக் கழுவிவிடுகிற களிமண்ணின் சூட்சுமமான ஏடுகள்.

அந்தச் சக்தியின் பெயர் யூரியேஸ். அது ஒரு நொதி. என்சைம் என்றாலும் வாசகர்களுக்குப் பழகிய சொல்தான். உயிருள்ள உடல்களில் இடையறாது நிகழ்ந்துகொண்டிருக்கும் ரசாயனக் கிரியைகளைத் துரிதப்படுத்துவதற்கென்று அந்த உடல்களே உண்டாக்கிக்கொள்ளும் புரதங்களே நொதிகள். ஒவ்வொரு புரதமும் மணிமாலை போன்ற ஒரு நீண்ட சங்கிலி. ஆனால் மாலையாகக் கிடக்கிற வரையில் அதற்கு எந்தத் தொழிலும் தெரியாது. காகிதத்தை மடித்து மடித்துக் குழந்தைகள் பெட்டி செய்வதுபோல அந்தச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து, தன் உடலில் ஒரு சிறு குழியை அமைத்துக்கொண்ட பிறகுதான் அது நொதியாகிறது. அந்தக் குழியில் பொருந்தும் பொருளைப் பற்றி, உடைத்து, வெளியே விட்டு, அடுத்ததைப் பற்றுவதே அதன் வேலை. வேலை முடிந்த பின்னும் அது குறைவதில்லை, தேய்வதில்லை. மடிப்புக் கலைந்தால் மட்டும் காகிதம் இருக்கும், பெட்டி இராது. இந்த மடிப்பு என்னும் விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். களிமண்ணோடு நொதிக்கு நேரும் உறவின் நன்மையும் தீமையும் இதையே பற்றியவை.

யூரியேஸின் கதையைச் சொல்லும்போது ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இடதுகைப் பழக்கமுள்ள அவர், பதினேழாவது வயதில் வேட்டைக்குச் சென்ற இடத்தில் நேர்ந்த ஒரு விபத்தில் அந்த இடதுகையையே இழந்தவர். ஒற்றைக் கையோடு ரசாயன சாஸ்திரத்தில் முன்னுக்கு வர இயலாது, சட்டம் படிப்பதே மேல் என்று சொல்லப்பட்டும் கேளாமல் ரசாயனமே படித்தவர். கார்னல் பல்கலைக்கழகத்தில், போதிய உதவியாளர்களோ கருவிகளோ இல்லாத நிலையில், 1917-ஆம் ஆண்டில் அவர் ஒரு காரியத்தில் இறங்கினார். நம் ஊர்களில் வாளவரை என்றும் தம்பட்டங்காய் என்றும் வேலியில் படரவிடுகிற கொடிக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் என்னும் அவரையின் விதைகளில் யூரியேஸ் மிகுதியாக இருக்கிறது; அந்த விதைமாவிலிருந்து நொதியை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய சங்கல்பம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1926-இல், அசிட்டோன் கலந்த நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை இரவு முழுவதும் குளிரில் வைத்துவிட்டு மறுநாள் உருப்பெருக்கியின் கீழே பார்த்தபோது, எட்டு முகங்கள் கொண்ட சின்னஞ்சிறு படிகங்கள் அவர் கண்ணுக்குத் தென்பட்டன. உலகத்தில் முதன்முதலாகப் படிக உருவில் காணப்பட்ட நொதி அதுதான். அதைச் சோதித்து, அது முழுக்க முழுக்கப் புரதமே என்று அவர் கூறினார்.

உடனே ஒப்புக்கொண்டவர்கள் சிலரே. நோபல் பரிசு பெற்ற மகா மேதையான ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஷ்டேட்டர் நொதிகள் புரதமல்ல என்று திடமாகச் சொல்லி வந்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் நம்முடைய விஷயத்தோடு நேராகத் தொடர்புடையது. நொதி கலந்த சாற்றில் கயோலின் என்னும் வெண்களியையும் அலுமினாவையும் இட்டுக் கலக்கினால் நொதி அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பதமாகக் கழற்றி எடுத்தால் முன்னிலும் தூய நொதி கிடைக்கும். இப்படித் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ததில், புரதம் இருப்பதாகவே சோதனையில் தெரியாத அளவுக்கு நொதி அருகிப்போன பிறகும் அதன் கிரியை மட்டும் நடந்துகொண்டிருந்தது கண்டே அவர் அந்த முடிவுக்கு வந்தார். உண்மையில் புரதம் இருந்தது. அன்றைய சோதனைக்கு எட்டாத சிறு அளவில் இருந்தது, அவ்வளவுதான். முடிவு பிழையானாலும், நொதி களியின்மேல் ஒட்டும், ஒட்டியும் அழியாது என்பதை அந்தப் பரிசோதனைகள் காட்டிவிட்டன. சம்னருக்கு நோபல் பரிசு வந்து சேர 1946 ஆயிற்று.

இது சோதனைச்சாலைக் கதை. மண்ணில் நொதி உண்டா? மண்ணில் சில நொதிகளின் கிரியை தென்படுகிறது என்று 1899-இலேயே உட்ஸ் என்ற அமெரிக்கர் அறிவித்திருந்தார். மண்ணில் யூரியேஸ் இருப்பதை 1935-இல் இத்தாலியில் ரொட்டினி என்பவர் எடுத்துக்காட்டினார். இருந்தாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரு சிட்டிகைத் தோட்டமண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. யூரியாவை உடைப்பவை அவைதாம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, உயிருக்கு வெளியே மண்ணில் தனித்து நிற்கும் நொதி என்று ஒன்றைக் கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. மண்ணைச் சுட்டுக் கிருமிகளைக் கொன்று பார்க்கலாம் என்றால், சூட்டில் நொதியின் மடிப்பும் கலைந்துவிடும். டாலுவீன் என்னும் திரவத்தை ஊற்றிக் கிருமிகளை அடக்கிப் பார்த்தார்கள். எல்லாக் கிருமிகளும் அடங்கின என்று ஆணையிட்டுச் சொல்ல முடியவில்லை. கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்லாரன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1957-இல் மண்ணின்மீது எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி நுண்ணுயிர்களைக் கொன்ற பிறகுதான் விஷயம் தெளிந்தது. உயிர் மாய்ந்த அந்த மண்ணில் யூரியேஸும், பாஸ்பேட்டேஸ் என்ற மற்றொரு நொதியும், எஜமானர்கள் இறந்தது அறியாத வேலையாட்களைப்போலத் தம் தொழிலைச் செய்துகொண்டிருந்தன.

இதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறதென்றால், நொதி புரதமாயிற்றே என்பதில்தான். பசித்த நுண்ணுயிர்களுக்குப் புரதத்தைவிடச் சுவையான உணவு கிடையாது. புரதத்தை அறுத்துத் தின்பதற்கென்றே அவை வேறு நொதிகளை வெளியே விடுகின்றன. கிருமிகள் நிறைந்த குட்டைநீரில் யூரியேஸைக் கரைத்துவிட்டால் அதற்கு ஆயுள் மிகச் சொற்பம். அப்படியிருக்க, இறந்த கிருமிகளிலிருந்தும் அழுகிய வேர்களிலிருந்தும் கசிந்த யூரியேஸ், அத்தனை வாய்களுக்கும் நடுவில், மண்ணில் எப்படித் தப்பிப் பிழைக்கிறது?

இப்பொழுது களிமண்ணிடம் வருவோம். குயவர் கையில் குழைகிற ஸ்தூலமான களிமண்ணை எல்லோருக்கும் தெரியும். மண் சாஸ்திரிகள் களி என்று சொல்வது, ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் உட்பட்ட துகள்களை. மணல் என்பது பாறையின் பொடி. களியோ, பாறை மழையிலும் வெயிலிலும் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து கரைந்து, கரைந்த பொருள்கள் மறுபடி ஒன்றுகூடிப் புதிதாகப் படிந்த படிகம். அதன் அமைப்பு ஏட்டுச்சுவடியை ஒத்தது. மணலுக்கு மூலமான சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு தகடாகவும், அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மற்றொரு தகடாகவும் விரிந்து, அந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓர் ஏடாகின்றன. ஒரு சிலிக்காத் தகடும் ஓர் அலுமினாத் தகடும் சேர்ந்த ஏடுகள் இறுக அடுக்கிய சுவடியே கயோலினைட்; சீனத்தில் பீங்கான் செய்வதற்கு மண் எடுத்த காவ்லிங் என்ற இடத்தின் பெயரால் வழங்குவது. இரண்டு சிலிக்காத் தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினாத் தகட்டை வைத்த ஏடுகளாலானது மாண்ட்மோரில்லனைட். பிரான்சு தேசத்து மாண்ட்மோரில்லான் என்ற ஊரின் பெயர் அதற்கு. முன்னதில் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் நீர் உள்ளே போகாது. பின்னதில் ஏடுகளின் பிணைப்புத் தளர்ந்தது. நீர் புகுந்தால் ஏடுகள் விலகிச் சுவடி பருக்கும், நீர் வற்றினால் மீண்டும் நெருங்கும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டாம். கை நுழையும் அகலத்துக்கு வாய்பிளந்து கிடக்கும் அந்த நிலம், ஐப்பசி மழையில் உப்பிப் பருத்து வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு, நடப்பவர் காலைப் பிடித்து இழுக்கிறது. அது மாண்ட்மோரில்லனைட்டும் அதன் இனத்துக் களிகளும் மிகுந்த மண். செம்மண் நிலத்தில் மிகுந்திருப்பது அநேகமாகக் கயோலினைட். அது வெடிப்பதுமில்லை, அப்படிப் பருப்பதுமில்லை.

இந்த ஏட்டமைப்பினால் விளையும் விசேஷம் பரப்பு. ஒரு கிராம் கயோலினைட்டின் துகள்களுடைய பரப்பையெல்லாம் விரித்துக் கூட்டினால் பத்து முதல் இருபது சதுர மீட்டர் வரும், ஒரு சிறு அறையின் தரையளவு. ஒரு கிராம் மாண்ட்மோரில்லனைட்டின் ஏடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் எழுநூறு, எண்ணூறு சதுர மீட்டர் தேறும். அதாவது, மூன்று விரலால் கிள்ளி எடுத்த ஐந்தாறு கிராம் களிக்குள் ஒரு ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது. அந்தப் பரப்பு வெறும் பரப்புமன்று. சிலிக்கானும் அலுமினியமும் இருக்கவேண்டிய இடங்களில் சிற்சில இடங்களை மின்னேற்றம் குறைந்த வேறு உலோகங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால், ஏடு முழுவதும் எதிர்மின்னேற்றம் படர்ந்திருக்கிறது. அதை ஈடுசெய்ய, சுண்ணாம்பிலுள்ள கால்சியம், சாம்பலிலுள்ள பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் ஏட்டைச் சூழ்ந்து மொய்த்திருக்கின்றன. பயிருக்கு உரம் பிடித்து வைக்கும் சக்தி களிக்கு வந்தது இப்படித்தான்.

புரதத்தின் உடலிலும் நேர்மின் புள்ளிகளும் எதிர்மின் புள்ளிகளும் கலந்து விரவிக் கிடக்கின்றன. சுற்றியுள்ள நீர் அமிலமாக இருந்தால் நேர்மின் மிகும். காரமாக இருந்தால் எதிர்மின் மிகும். ஆகவே அமில மண்ணில் நேர்மின் மிகுந்த நொதி எதிர்மின் ஏட்டை நாடி ஒட்டுவதில் வியப்பில்லை. ஆனால் ஜாக் பீன் யூரியேஸுக்கு, அமிலத்தன்மை ஓரளவு குறைந்து பி.எச். எண் ஐந்தைத் தாண்டியதும் எதிர்மின்னே மேலோங்கிவிடுகிறது; கரிசல் மண்ணோ எட்டுக்கும் மேற்பட்ட கார மண். எதிர்மின்னும் எதிர்மின்னும் விலக வேண்டும் அல்லவா? விலகாமல் ஒட்டுவதற்குப் பல உபாயங்கள் இருக்கின்றன. இரட்டை மின்னேற்றமுள்ள கால்சியம் ஒரு கையால் களியையும் மறு கையால் புரதத்தையும் பிடித்துப் பாலமாகிறது. புரதத்தின் நீர் வெறுக்கும் பாகங்கள் நீரை விட்டு ஒதுங்க இடம் தேடிக் களியின் பரப்பில் ஒண்டுகின்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது, புரதம் ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை என்பது. மரவட்டையைப்போல அதற்குப் பிடிமானங்கள் அநேகம். ஒன்றிரண்டு கால்கள் நழுவினாலும் மற்றவை பற்றியிருக்கும். எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் நழுவுவது மிக அரிது. அதனால்தான், ஒட்டிய நொதியைக் களியிலிருந்து நீர் விட்டுக் கழுவி எடுக்க முடிவதில்லை.

ஒட்டிய பிறகு நொதிக்கு என்ன நேர்கிறது? இந்தக் கேள்வியில் இரண்டு விளக்கங்கள் பல ஆண்டுகள் எதிரெதிரே நின்றன. விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முன்னே சொன்ன மக்லாரன், எஸ்டர்மன் என்பவரோடு சேர்ந்து, நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் கைமோட்ரிப்சின் என்ற நொதியைக் கயோலினைட்டின்மேல் ஒட்டவைத்து அதன் வேகத்தை அளந்தார். ஒவ்வொரு நொதிக்கும் தனக்கு உகந்த பி.எச். ஒன்று உண்டு. களியில் ஒட்டிய கைமோட்ரிப்சினுக்கு அந்த உகந்த நிலை, நீரில் கரைந்திருந்தபோது இருந்ததைவிடக் காரப்பக்கமாக இரண்டு அலகு வரை நகர்ந்திருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் மிக அழகானது: எதிர்மின் ஏட்டைச் சுற்றி, அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள், தேர் நிலைக்கு அருகில் ஜனங்கள் நெருங்குவதுபோல நெருங்கி நிற்கின்றன, ஆகையால் ஏட்டின்மேல் வாழும் நொதிக்குத் தன்னைச் சுற்றியுள்ள நீர், வெளியே உள்ள நீரைவிட அமிலமாகவே படுகிறது, அதை ஈடுசெய்ய வெளிநீரைக் கூடுதலாகக் காரமாக்க வேண்டியிருக்கிறது. இந்த விளக்கம் முப்பது ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் நிலைத்து நின்றது.

1987-இல் பிரெஞ்சுக்காரரான எர்வே கிக்காம்புவா என்ற ஆராய்ச்சியாளர் வேறொரு நொதியை வைத்துக்கொண்டு இதை மறுபரிசீலனை செய்தார். நொதியின் மடிப்பு மாறாமல் இருக்கிறது என்று முன்னவர்கள் எடுத்துக்கொண்டார்களே, அது சரியா என்பது அவர் எழுப்பிய வினா. அமிலநிலையில் நொதி நேர்மின் மிகுந்து எதிர்மின் ஏட்டால் பலமாக இழுக்கப்படுகிறது. இழுபடும்போது அதன் மடிப்புத் தளர்ந்து, ஈரமாவு பலகையில் பரவுவதுபோல ஏட்டின்மேல் பரவிவிடுகிறது. மடிப்புப் போனால் கிரியையும் போகிறது. காரநிலையிலோ இழுப்புக் குறைவு, மடிப்புக்குச் சேதமும் குறைவு. ஆகவே உகந்த நிலை காரப்பக்கம் நகர்ந்ததாகத் தோன்றுவது, உண்மையில் அமிலப்பக்கத்தில் நொதி ஊனப்படுவதன் விளைவே என்று அவர் காட்டினார். சில புரதங்கள் கல்போல இறுகியவை, எளிதில் உருக்குலையா. சில வெண்ணெய்போல நெகிழ்பவை. இறுக்கம், மின்னேற்றம், களியின் வகை ஆகிய மூன்றும் சேர்ந்தே நொதியின் கதியை நிர்ணயிக்கின்றன என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே வலுவாகப் படுகிறது. எனினும் பரப்புக்கு அருகிலுள்ள நீர் வேறு, வெளிநீர் வேறு என்ற மக்லாரனின் கருத்து இல்லாவிட்டால் பின்னவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

ஆக, களியில் ஒட்டிய நொதி அநேகமாகத் தன் வேகத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. கயோலினைட்டில் இழப்புப் பொதுவாகக் குறைவு, மாண்ட்மோரில்லனைட்டில் அதிகம். அதற்கு ஈடாக அது பெறுவது என்ன? ஆயுள். களியின் ஏட்டோடு பிணைந்த புரதத்தைச் செரிமான நொதிகளால் எளிதில் அறுக்க முடிவதில்லை என்பதை என்ஸ்மிங்கர், கீஸ்கிங் என்ற இருவர் 1942-இலேயே கண்டிருந்தார்கள். அறுக்க வருகிற நொதியும் ஒரு புரதம்தான். அதுவும் வந்த இடத்தில் களியில் ஒட்டிக்கொண்டு முடங்குகிறது. முடங்காவிட்டாலும் அறுக்கவேண்டிய இடம் ஏட்டின் பக்கம் மறைந்திருக்கிறது. களியோடு மக்கும், அதாவது இலைதழைகளும் வேர்களும் மட்கிய பொருளும், சேர்ந்துவிட்டால் காவல் இன்னும் பலப்படும். 1972-இல் பர்ன்ஸ், புக்கைட், மக்லாரன் ஆகியோர் மண்ணிலிருந்து களியை நீக்கி மக்குப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்தபோது, அதனுள் யூரியேஸ் வேலைசெய்துகொண்டிருந்தது. புரதத்தை அழிக்கும் நொதியை அதில் ஊற்றியும் அந்த வேலை நிற்கவில்லை. மக்கின் உட்புறம் நுண்ணிய புழைகள் கொண்ட வலை. எறும்பு போகும் வழியில் எலி போகாததுபோல, யூரியாவும் நீரும் உள்ளே போய் அமோனியாவாக வெளியே வரும், உருவத்தில் பெரிதான அந்த அழிக்கும் நொதி வாசலிலேயே நின்றுவிடும் என்று அவர்கள் அதற்கு விளக்கம் தந்தார்கள்.

இந்தக் காவலுக்கு ஓர் அளவும் உண்டு. அயோவா மாகாணத்தில் ஜான் பிரெம்னரும் அவருடைய மாணவரும் 1970-களில், பல வகை மண்களில் யூரியேஸைப் புறத்தேயிருந்து சேர்த்துப் பார்த்தார்கள். சம்னர் உழைத்துப் பிரித்த அதே ஜாக் பீன் யூரியேஸ்தான். சேர்த்தவுடன் மண்ணின் கிரியை மேலே போயிற்று. சிறிது காலத்தில் இறங்கி, அந்த மண்ணுக்குப் பூர்வத்தில் எந்த அளவு இருந்ததோ அந்த அளவிலேயே வந்து நின்றது. மக்கும் எருவை இட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கிப் பார்த்தபோதும் அதே ஏற்றம், அதே இறக்கம். பத்தாயத்தின் கொள்ளளவுக்கு மேல் கொட்டிய நெல் தரையில் சிந்துவதுபோல, ஒவ்வொரு மண்ணுக்கும் தன் களியும் மக்கும் காக்கக்கூடிய அளவு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேற்பட்டது அழிகிறது. நம் நிலத்தின் நொதிவளத்தை ஒரு புட்டியில் வாங்கி ஊற்றிப் பெருக்கிவிடலாம் என்று எவராவது சொன்னால், இந்தப் பரிசோதனையை நினைத்துக்கொள்வது நல்லது.

காக்கப்பட்டதன் ஆயுளோ பிரமிக்க வைப்பது. வருஷக்கணக்காக உலரவைத்துச் சேமித்த மண் மாதிரிகளில் யூரியேஸ் உயிர்ப்போடு இருந்தது. 1960-களின் கடைசியில் ஸ்கூயின்ஸ் என்பவரும் மக்லாரனும், அலாஸ்காவில் என்றும் உருகாமல் உறைந்து கிடக்கும் பூமிக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணைச் சோதித்தார்கள். அதன் வயது ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதிலும் யூரியேஸின் கிரியை தென்பட்டது. உறைபனியின் குளிரும் இதற்குத் துணைசெய்தது என்பது உண்மை. அப்படியும், எகிப்தின் பிரமிடுகள் எழுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன் மடிந்த கிருமியின் கைத்தொழில், இன்று ஒரு துளி யூரியாவை ஊற்றினால் நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

மண்ணில் இப்படித் தங்கும் நொதிகளால் நுண்ணுயிர்களுக்கு என்ன பயன் என்பதைப் பற்றி 1982-இல் பர்ன்ஸ் ஒரு கருத்தை வெளியிட்டார். நுண்ணுயிருக்கு நொதி செய்வது பெரிய செலவு. உணவு அருகில் இருக்கிறதா என்று அறியாமல் நொதியை வெளியே விட்டு வீணாக்க அதனால் முடியாது. களியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய நொதி, ஓர் இலைச்சருகோ வேரோ வந்து விழுந்ததும் அதை மெல்ல அரித்து, சிறு துணுக்குகளை நீரில் கசியவிடுகிறது. அந்தத் துணுக்கைச் சுவைத்த பிறகே நுண்ணுயிர் விழித்துக்கொண்டு தன் சொந்த நொதியை உற்பத்தி செய்கிறது. முன்னோர் விட்டுப்போன நொதி பின்னோருக்குச் செய்தி சொல்கிறது என்பது பர்ன்ஸின் எண்ணம். நொதி அல்லாத வேறு புரதங்களையும் களி இவ்வாறே காக்கும். பருத்திக் காய்ப்புழுவைக் கொல்லும் பி.டி. நச்சுப்புரதம் மண்ணில் 234 நாள் வரை வீரியத்தோடு இருந்ததை நியூயார்க் பல்கலைக்கழகத்து ஸ்டாட்ஸ்கியின் ஆய்வுகூடம் 1998-இல் அறிவித்தது. அந்த ஆராய்ச்சி சோதித்துப் பார்த்த காலமே அவ்வளவுதான்.

இனி, வயலுக்கு வருவோம். இந்நாளில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது ஏறக்குறைய 21 கிலோ, தழைச்சத்து. அதைப் பயிர் உண்ணும் அமோனியமாக மாற்றித் தருவது, களியும் மக்கும் காத்து வைத்திருக்கிற யூரியேஸ். அது இல்லையேல் யூரியா உரமே இல்லை. ஆனால், யூரியாவை ஈரம் பட்ட நிலத்தின்மேல் தூவி அப்படியே வெயிலில் விட்டுவிட்டால், மேற்பரப்பில் காத்திருக்கிற யூரியேஸ் அதைச் சட்டென்று உடைத்து, உண்டாகும் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளக் கீழே உள்ள களிக்கு எட்டாத உயரத்தில் காற்றில் விட்டுவிடுகிறது. தொழுவத்தில் எழும் அதே நெடி. கார மண்ணில் இந்த நஷ்டம் இன்னும் கூடுதல். இட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இவ்வாறு ஆகாயத்தில் போவதுண்டு. அதே யூரியா நான்கு விரற்கடை ஆழத்தில் உடைந்திருந்தால், நேர்மின் அமோனியத்தைச் சுற்றிலும் உள்ள எதிர்மின் ஏடுகள் வாங்கிப் பிடித்து, வேர் வந்து கேட்கும்வரை வைத்திருக்கும். உடைக்கிற கையைக் காப்பதும் களி. உடைந்ததைத் தாங்குகிற மடியும் களி.

ஏரிக் கரம்பையை வண்டி வண்டியாக அடித்துச் செம்மண் மேட்டில் பரப்பிய நம் சம்சாரிகள் நொதி என்ற சொல்லை அறியாதவர்கள். ஆனால் மணற்பாங்கான நிலத்துக்குக் களியையும் மக்கையும் சேர்த்துக் கொடுப்பதைவிட, நொதியைக் காக்கும் அந்தப் பத்தாயத்தைப் பெரிதாக்க வேறு வழி இருப்பதாக விஞ்ஞானமும் சொல்லவில்லை. அந்தக் கரம்பையையும் வயலின் மேல்மண்ணையும் செங்கல் சூளைக்கு விற்பவர்கள், விற்பது இன்னதென்று தெரிந்து விற்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. சூளையின் உஷ்ணத்தில் களியின் ஏடு குலைந்து கல்லாகிறது. அதைத் திரும்பக் களியாக்க எவராலும் முடியாது. மேல்மண் போன வயலில், எருவும் கரம்பையும் இட்டு, பல போகம் பொறுத்திருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக மீட்க வேண்டும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. நொதி அவற்றில் ஒன்றாக இல்லை. ஒரு கிராம் மண்ணை ஒரு மணி நேரம் 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, தோன்றும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு பாஸ்பேட்டேஸை அளக்கும் எளிய முறையை டபட்டபாயும் பிரெம்னரும் 1969-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். விவசாயக் கல்லூரி ஆய்வுகூடங்களில் வழங்கும் இந்த முறை, மாவட்டந்தோறும் உள்ள மண் பரிசோதனை நிலையங்களுக்கும் வரவேண்டும். அட்டையில் பதின்மூன்றாவது வரியாக அது இடம்பெற வேண்டும்.

அதுவரையில், பயிரிடும் அன்பர்கள் ஒன்றைச் செய்யலாம். யூரியாவை மண்மேல் தூவி விட்டுவிடாதீர்கள். பயிருக்கு அருகில் மண்ணைக் கீறி இட்டு மூடுங்கள், அல்லது இட்டவுடன் புன்செயில் தண்ணீர் பாய்ச்சி உள்ளே இறக்குங்கள். நெல்லுக்கு மேலுரமாக இடுவதாயின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறபடி, ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கும் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் இடுங்கள்.